பத்து நாள் தொடாத ஃபைல்கள்

அலுவலகத்தில் அவருக்குத் துடைப்பம் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் முழுப்பெயர். அது அவருக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பாலங்களுக்கு வரைபடம் போடும் அந்த நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது வேலை என்றாலும், அவர் உயிரை வைத்திருந்தது ஒரு சின்ன புரோகிராமின் மேல்தான். வெள்ளிக்கிழமைதோறும் பகல் பன்னிரண்டு மணிக்கு அது தானாக எழுந்து, ‘டெம்ப்’ என்ற பொது ஃபோல்டரில் பத்து நாளாக யாரும் திறந்துகூடப் பார்க்காத ஃபைல்களை அழித்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும்.

வீட்டிலோ இதே அம்மாள் ஒரு காலி டப்பாவைக்கூடத் தூக்கிப் போடமாட்டார். “ஆபீஸ்லதான் உன் வீரமெல்லாம்” என்பார் கணவர், பரணிலிருந்து டப்பா தலையில் விழும்போதெல்லாம்.

டெம்ப் என்பது அன்றாடக் குப்பைக்கான இடம். ஆனால் அவரவர் சொந்த ஃபோல்டருக்கு இட அளவு உண்டு, டெம்ப்புக்குக் கிடையாது. விடுவார்களா? முக்கியமான வேலையையெல்லாம் அங்கேயே கொட்டி வைத்தார்கள். முக்கியமானதை உங்கள் ஃபோல்டரிலேயே வையுங்கள் என்று அக்கா பதினோரு வருடமாக மாதம் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அழிந்த பிறகு வந்து மூக்கைச் சிந்துவார்கள். மேலாளரே விதிவிலக்குக் கேட்டும் அக்கா மசியவில்லை.

வரைவாளர் பெரியவர் மட்டும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். திங்கட்கிழமைதோறும் டீயும் கையுமாக உட்கார்ந்து, டெம்ப்பில் கிடக்கும் தன் பாலத்தின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவார். புரோகிராம் பேசாமல் விட்டுவிடும். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் சட்டப்படி தப்பில்லையே!

அந்த வெள்ளிக்கிழமை காலை, அழியப்போகும் பட்டியலை அக்கா இரண்டு முறை படித்தார். பெரியவரின் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களும் அதில் இருந்தன. மகளின் பிரசவத்துக்காக அவர் விடுப்பில் போய் இரண்டு வாரம் ஆகிறது. ஃபோன் அணைந்திருந்தது. டெம்ப்புக்கு பேக்கப்பும் கிடையாது. ஒரு வருட உழைப்பு போக இன்னும் மூன்று மணி நேரம். புரோகிராமை நிறுத்தலாம் என்றால், டெம்ப் நிரம்பி வழிந்து மொத்த ஆபீஸும் படுத்துவிடும்.

பக்கத்து சீட்டு நெட்வொர்க்காரர் எட்டிப் பார்த்தார். “அவர் ஃபோல்டருக்கு மாத்திடுங்களேன்க்கா. உங்ககிட்டதான் எல்லா சாவியும் இருக்கே.”

“சாவி இருந்தா அடுத்தவங்க பெட்டியத் தொறந்துடலாமா? யாரோட சொந்த ஃபோல்டரையும் நான் எட்டிக்கூடப் பாத்ததில்ல.”

“அப்ப ஒரு கமாண்ட் போடுங்க. எல்லாத்துக்கும் தொறந்த தேதியா இன்னைக்குத் தேதி விழுந்துடும். ஒரு நிமிஷ வேலை.”

“அது கள்ளக் கையெழுத்து மாதிரி. யாராவது நெஜமாப் பாத்திருக்கணும்.”

நெட்வொர்க்காரர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். அக்கா முதல் படத்தைத் திறந்தார். தூண், கைப்பிடிச் சுவர், மழைநீர் வடிகால். முதல் ஐம்பதைக் கடனே என்றுதான் பார்த்தார். அப்புறம் ஒரு நடைபாதைப் படத்தில், யாரும் கேட்காமலே பெரியவர் ஒரு சின்ன பெஞ்ச் போட்டு, அதில் நகத்தளவில் இரண்டு பேரை உட்கார வைத்திருந்தார். அந்த மனுஷன் மேல் அக்காவுக்குப் பாசமே வந்துவிட்டது. கடைசிப் படத்தை மூடும்போது மணி பதினொன்று ஐம்பத்தாறு.

திங்கட்கிழமை, பேத்தியின் ஃபோட்டோவோடு வந்த பெரியவரை அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “வாங்க சார்! முந்நூத்திப் பன்னெண்டு படத்தையும் ஒத்த ஆளா உக்காந்து தொறந்து மூடியிருக்கேன், தெரியுமா?”

பெரியவர் திருதிருவென்று விழித்தார். “ஏம்மா? லீவுல போறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் என் ஃபோல்டர்ல காப்பி பண்ணி வெச்சுட்டேனே! ரெண்டு நாள் உக்காந்து பழைய குப்பையெல்லாம் கழிச்சு இடம் பண்ணேன். டெம்ப்ல இருக்கறது போகட்டும்னுதான் விட்டுட்டுப் போனேன்.”

“அப்படிச் செய்யணும்னு யாரு சார் சொன்னா?”

“நீங்கதாம்மா. போன மாச நோட்டீஸ்ல, மூணாவது பத்தி.”

அக்கா திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

“மூணாவது பத்தி வரைக்குமா படிச்சீங்க?” என்று கேட்டபடி, பேத்தியின் ஃபோட்டோவைப் பார்க்கக் கை நீட்டினார்.