கொடி இல்லாத புல்

அந்தச் சிறிய சிவப்புக் கொடி போன கிழமைவரை புல்வெட்டும் ட்ராக்டரின் இருக்கையோரம் செருகியபடி இருந்தது. கம்பியில் கோத்த பிளாஸ்டிக் துண்டு, வெயிலில் வெளிறிப்போனது. வைத்தவர் அத்தான், என் அக்காவின் கணவர். அதை எறிய எனக்குத் துணிவு வரவில்லை.

மொன்றியலுக்குப் பக்கத்து டோர்வலில் கிடங்குகளுக்குப் பின்னாலுள்ள புல்வெளியை வெட்டும் வேலையை எனக்கு எடுத்துத் தந்தவரும் அவர்தான். அவர் ட்ராக்டரில் போவார். நான் கைமெஷினால் ஓரங்களை வெட்டுவேன். ஒரு யூலைக் காலை ட்ராக்டர் திடீரென்று நின்றது. முழங்காலளவு புல்லுக்குள் அங்குமிங்குமாகச் சிவப்புக் கொடிகள்.

"தம்பி, அசையாதை. நிண்ட இடத்திலையே நில்" என்று அத்தான் கத்தினார்.

போருக்குப் பிறகு வன்னியில் மீள்குடியேறப் போனபோது, சொந்த வளவுக்குள்ளேயே மிதிவெடியில் காலை இழந்தவர் அத்தானின் தம்பி. அங்கே புல்லுக்குள் சிவப்புக் குறி என்றால் அர்த்தம் ஒன்றுதான். இது மொன்றியல் என்று மூளை சொன்னது, ஆனாலும் நின்ற இடத்திலேயே நின்றேன். அத்தான் சக்கரத்தடத்திலேயே கால்வைத்து வந்து, நான் மிதித்த அடிகளிலேயே என்னைப் பின்னால் கூட்டிப்போனார். அவருடைய கை வியர்வையில் வழுக்கியது.

எங்களைக் கண்டு ஓடிவந்த தாவர ஆய்வாளர் ஒரு பெண். கொடிகள் ஓர் ஓர்க்கிட் செடிக்காகக் குத்தியவை என்று பிரெஞ்சில் விளக்கினார். இந்த மண்ணுக்கே உரிய புல்வெளிப் பூ; வெள்ளை நிறம், இதழோரம் நூல் பிரிந்தது போலிருக்கும். சட்டப்படி அதன் நிலை "மெனாசே" என்றார். அத்தானுக்கு அந்தச் சொல் தெரியும். அகதி வழக்கில் அவரைப் பற்றிச் சொன்னதும் அதுதான்: உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளவர். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. பூக்காத வருடத்திலும் அதன் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு கிடக்கலாம், பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது என்று அந்தப் பெண் சொன்னபோது, அத்தான் தன் சப்பாத்துகளுக்குக் கீழே பார்த்தார். போகும்போது அந்தப் பெண்ணிடம் ஒரு கொடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதன்பின் ஒவ்வொரு கோடையும் அந்தப் பக்கத்தை நடந்து பார்த்துவிட்டுத்தான் வெட்டத் தொடங்குவார். பூவுக்குக் காவற்காரன் என்று கேலி செய்வேன்.

"கொடி நிக்கிற இடத்துக்கு ஏன் பயம்? கொடி இல்லாத இடத்துக்குத்தான் பயப்பிட வேணும்" என்பார்.

போன மாரியில் அத்தான் காலமானார். இப்போது ட்ராக்டரில் நான். அந்தப் பெண்ணும் வேலை மாறிப் போய்விட்டாராம். இந்தக் கோடையில் கொடி குத்த யாரும் வரவில்லை. போன கிழமை, முழுவதையும் மதியத்துக்குள் வெட்டி முடிக்கச் சொல்லி முதலாளி போனில் கத்தினார், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பாராம். பாதி முடித்து அந்தப் பக்கம் திரும்பினேன். வெறும் பச்சைப் புல். ஒரு வெள்ளைப் பூவும் இல்லை. செத்துவிட்டதா, கீழே கிடக்கிறதா? சிவப்புக் கொடிகளைக் கண்ட அந்த நாளைவிடக் கூடுதலாகப் பயந்துபோனேன்.

எஞ்சினை நிறுத்தினேன். அத்தானின் கொடியை உருவி, சக்கரத்துக்கு முன்னால் குத்தினேன். பிறகு, வந்த தடத்திலேயே கால்வைத்துப் பின்னால் நடந்தேன்.