மூடிவிட்டதாகச் சொன்ன பக்கம்

எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போட எனக்கு இடமே கிடையாது. எல்லாம் எங்கள் தெரு ரெய்னேரியோவின் கேபிள். பகலில் பிஸ்கட் ஆலையில் மின்வேலை, சாயங்காலமானால் மாடி மாடியாக ஏறுவான். ஹவானாவில் வீட்டுக்கு இன்டர்நெட் என்ற பேச்சே இல்லாத காலத்தில், லுயானோப் பகுதியில் எங்கள் நாலு தெருவுக்கும் அவனே ஒரு நெட் கட்டினான். வெளிநாட்டுப் பக்கங்களை யார் யாரிடமோ கெஞ்சி நகலெடுத்து வந்து தன் கணினியில் வைப்பான். பிறகு எங்கள் கணினிகளில் ஒரு சின்னக் கோப்பைத் திறந்து, இந்த முகவரியைக் கேட்டால் வெளியே போகாதே, ரெய்னேரியோ வீட்டுக்குப் போ என்று ஒரு வரி எழுதி வைப்பான். உலகமே வீட்டுக்குள் வந்துவிட்டதாக நாங்கள் பூரித்துப்போனோம்.

கணினி படுத்துவிட்டாலும் அவன்தான். ஆனால் பெட்டியைக் கழற்றவே மாட்டான். "ஸ்க்ரூவக் கழட்டாம என்னடா ரிப்பேர்?" என்று நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

"உள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கு மெர்சி அக்கா. யாரோ தப்பாச் சொல்லிக் குடுத்திருக்காங்க, அதத் திருத்துனாப் போதும்" என்பான். திருத்தும்போதும் எந்த வரியையும் அழிப்பதில்லை. கணினி அதைப் படிக்காதபடி முன்னால் ஒரு குறி போட்டு அதன் வாயை அடைத்துவிடுவான்.

அப்புறம் நிஜ இன்டர்நெட்டே வந்தது. கார்டு வாங்கிச் சுரண்டி, அந்த எண்ணைப் போட்டால்தான் திறக்கும். ஒரு மணி நேரத்தில் கார்டு காலி. அதனால் அதை யாரும் லேசில் தொடமாட்டோம்.

பக்கத்து வீட்டு இடெல்மிஸ் செயற்கைக்கால் பட்டறையில் வேலை செய்கிறவள். மெக்சிகோவில் ஒரு வருடப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்று மாலை ஆறு மணிக்குள் அவர்களுடைய பக்கத்தில் போய் 'வருகிறேன்' என்று உறுதி செய்ய வேண்டும். நாலரை மணிக்கு அழுதுகொண்டே என் வீட்டுக்கு வந்தாள்.

"இடமெல்லாம் நிரம்பிடுச்சாம் அக்கா. பதிவு முடிஞ்சுதுன்னு போட்டிருக்கு."

ஆலையிலிருந்து அப்போதுதான் வந்து தட்டில் சோறும் பீன்ஸும் போட்டுக்கொண்டிருந்த ரெய்னேரியோவைக் கையைப் பிடித்து இடெல்மிஸ் வீட்டுக்கு இழுத்து வந்தேன். திட்டிக்கொண்டே வந்தான். திரையைப் பார்த்தான்.

"கார்டு நம்பர் போட்டியா?"

"இன்னும் இல்லண்ணே. பக்கம்தான் தானாவே வந்துடுச்சே. எதுக்குக் கார்டை வீணாக்கணும்னு விட்டுட்டேன்."

"கார்டே போடல. அப்புறம் எப்படி மெக்சிகோ வந்துச்சு?"

அவன் முகம் வெளிறியது. அந்தக் கோப்பைத் திறந்தான். அவனே எழுதிய வரி, இடெல்மிஸை மெக்சிகோவுக்கு விடாமல் அவன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அவள் பார்த்து அழுதது அந்தப் பக்கத்தின் மூன்று வருடத்துக்கு முந்தைய நகலை.

"போடா, நல்லா வச்ச பொறி" என்றேன்.

அவன் வரியின் முன்னால் குறி போட்டான். இடெல்மிஸ் கார்டு எண்ணை அடித்தாள். பக்கம் வந்தது, பச்சைப் பொத்தான் வந்தது, அழுத்தினாள். 'உங்கள் இடம் உறுதி.' அவள் என்னைக் கட்டிக்கொண்டாள், நானும் அழுதேன். இதிலே என்ன வெட்கம்?

ரெய்னேரியோ மட்டும் சிரிக்கவில்லை. "வேற யாரு இதப் பார்த்தாங்க?"

இடெல்மிஸ் கையை வாயில் வைத்துக்கொண்டாள். "எங்க பட்டறை ஓஸ்வெல், பின்தெருவுல இருக்காரே. அவருக்கும் கிடைச்சிருந்துச்சு. மத்தியானமே பார்த்துட்டு, முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டுப் போனாரு."

அவன் ஓடினான். என் முழங்காலைத் திட்டிக்கொண்டே நானும் பின்னால் போனேன். ஓஸ்வெல் வாசலில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தான். முகத்தில் களையே இல்லை.

"எந்திரிங்க. பதிவு முடியல. முடிஞ்சுதுன்னு சொன்னது நான் வச்ச பழைய நகல். தப்பு என்னோடது."

"கேலி பண்ணாதப்பா."

"கேலி இல்ல. கார்டு எடுங்க, சீக்கிரம்."

"எங்கிட்ட ஏது கார்டு? அதான் முடிஞ்சுபோச்சேன்னு மச்சானுக்குக் குடுத்துட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மாட்ரிட்டில் இருக்கும் மகள் முகத்தைப் பார்க்க ஒரு கார்டு வாங்கி ரவிக்கைக்குள் வைத்திருந்தேன். பேரனுக்கு முதல் பல் முளைத்திருக்கிறதாம். எடுத்து என் நகத்தாலேயே சுரண்டினேன். உள்ளே போய் ரெய்னேரியோ அந்தக் கணினியிலும் அந்த வரிக்குக் குறி போட்டான். கண்ணாடி இல்லாமல் ஒவ்வொரு எண்ணாக வாசித்தேன், அவன் அடித்தான். ஓஸ்வெல் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தான்.

பக்கம் மெல்ல மெல்ல இறங்கியது. மேலே ஓஸ்வெலின் பெயர். கீழே, பச்சைப் பொத்தானுக்கு மேல், வருகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள்.