ஒன்பதாவது காம்பஸ்

ஜெயில் என்றால் கம்பிக் கதவும் இருட்டறையும்தான் என்று நினைத்திருந்தேன். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு மேற்பார்வையாளராக உள்ளே போன அன்றுதான் தெரிந்தது, அது நான் குடியிருக்கும் கைலாசபுரம் டவுன்ஷிப் மாதிரி ஒரு தனி ஊர் என்று. பேக்கரி, தறிக்கூடம், ஆஸ்பத்திரி, ஐ.டி.ஐ., கத்தரித் தோட்டம், மதிலுக்கு அந்தப்பக்கம் பெண்கள் சிறை. பரீட்சை ஹால் நூலகத்தில். பேக்கரியிலிருந்து வந்த பன் வாசனையில் எனக்கு வயிறு கூச்சலிட்டது.

எழுதியவர்கள் எட்டுக் கைதிகள். கூர்முனை இருப்பதால் காம்பஸ் அங்கே ஆயுதம். உபரி ஒன்றோடு ஒன்பதை வார்டர் எண்ணிக் கொடுத்தார். ஒன்பதும் திரும்பினால்தான் யாரும் நகரலாம்.

அவர்களில் பேக்கரியில் வேலை செய்பவருக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை. அவருடைய மகளும் அதே நேரத்தில் தன் பள்ளியில் இதே கேள்வித்தாளை எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போன் பேச அவருடைய முறை. விட்டால் அடுத்த வாரம்தான்.

ஒன்றே காலுக்கு மணி அடித்தது. எண்ணினால் எட்டுதான் இருந்தது.

வார்டர் முகம் மாறிவிட்டது. பாக்கெட், பெஞ்ச், புத்தக அலமாரி, குப்பைக்கூடை எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள். நான் வேறு கறாராக, "எடுத்தவங்க கொடுத்துடுங்க" என்று அதட்டினேன். பேக்கரிக்காரர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கு ஐந்து நிமிஷம்.

தறிக்கூடத்தில் நெய்பவர் தயங்கித் தயங்கிக் கை தூக்கினார். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. உங்க கொண்டையில என்னங்க?"

தொட்டுப் பார்த்தேன். ஐயோ! ஒருவருடைய காம்பஸில் திருகு லூஸாக இருந்ததென்று வாங்கிக்கொண்டு உபரியைக் கொடுத்தவள் நான்தான். ஸ்கூலில் சிவப்புப் பேனாவைச் செருகும் பழக்கத்தில் அதைக் கொண்டையில் செருகியிருக்கிறேன்.

சிரிப்பில் ஹால் அதிர்ந்தது. "டீச்சரை எங்க தறிக்கு அனுப்புங்கய்யா, நூல் எண்ணட்டும்!"

"தோட்டத்துக்குத்தான் ஆள் பத்தல!"

"சும்மா இருங்கப்பா, லேடீஸ் ஜெயில் பக்கத்துலதான் இருக்கு," என்றார் வார்டர். வெட்கத்தில் ஆரம்பித்த சிரிப்பை என்னால் நிறுத்தவே முடியவில்லை.

"ஐயா, போன்!" என்று பேக்கரிக்காரர் கத்தினார். வார்டர் கையசைத்ததும் ஒரே ஓட்டம், பின்னாலேயே ஒரு காவலர்.

விடைத்தாள் கட்டோடு நான் வெளியேறும் வழியில்தான் போன் அறை. அவர் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

"தொடுகோடு எவ்வளவு வந்துச்சு? நாலு சென்டிமீட்டரா? எனக்கும் நாலுதான்டா கண்ணு! அப்பாவுக்கும் நாலுதான்!"