எட்டு கேமராவும் என் சலங்கையும்

நேற்று படூர் வீட்டில் என் மகள் டிவி முன்னால் நின்று, ஏதோ வீடியோ கேமுக்காகச் சுண்டுவிரலை மடக்கினாள். திரையிலிருந்த பொம்மையும் மடக்கியது. பெற்ற பெண்தான், இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது. நீங்கள் சிரிப்பீர்கள். அந்தச் சுண்டுவிரலுக்காக நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்!

இதே படூரில்தான் பல வருஷத்துக்கு முன்பு ஒரு சின்ன கேம் கம்பெனியில் வேலை பார்த்தேன். சுற்றிலும் எட்டு கேமரா. இறுக்கமான கறுப்பு உடையில் பட்டாணி அளவுப் பளபளப்புப் பந்துகளை ஒட்டிக்கொண்டு நடுவில் ஆட வேண்டும். பந்துகளின் அசைவைப் பார்த்துக் கேமரா திரையிலுள்ள பொம்மையை ஆட்டும். உடை ஒன்றே ஒன்று. நானும் என்னோடு வேலை பார்த்த அமுதாவும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம். அதன் வேர்வை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

அமுதா வேடந்தாங்கல் பக்கம். திருவிழா மேளத்துக்கு ஆடியதோடு சரி. நானோ சிங்கப்பெருமாள் கோயிலில் பத்து வருஷம் பரதம் பயின்றவள். ஆனால் விரலுக்குப் பந்து கிடையாதே! என் முத்திரையெல்லாம் திரையில் தோசைக் கரண்டியாகத் தெரிந்தது. அவள் கையை வீசினால் பொம்மைக்கு உயிர் வந்தது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். ஆடத் தெரிந்த நான் கேமரா கோணல் என்றேன்.

கேமின் நாயகியாக ஆடப்போவது யார் என்று முடிவு செய்யும் நாள் வந்தது. சலங்கையில்லாமல் ஆடுவது குற்றம் என்று வளர்ந்தவள் நான். சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டுக் கட்டிக்கொண்டேன். ஆடத் தொடங்கியதும் பொம்மையின் கால்கள் முறுக்கிக்கொண்டன. பளபளத்த மணி ஒவ்வொன்றையும் கேமரா பந்தென்று எண்ணிவிட்டது.

"இன்னாமா, காலுல நூறு பந்து கீது? கயட்டிட்டு ஆடு" என்றார் மானேஜர்.

"மாட்டேன்" என்றேன். வீம்புதான்.

உடையைக் கழற்றி அமுதாவிடம் கொடுத்தேன். அதில் என் வேர்வை காய்வதற்குள் அவள் நாயகியாகிவிட்டாள்.

"சந்தோஷம்டி" என்று சிரித்தேன்.

"சிரிக்காதக்கா. வயித்தெரிச்சல் மூஞ்சிலயே கீது."

எட்டு கேமராவுக்கும் தெரியாதது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து தனியாகச் சாப்பிட்டாள்.

அந்த கேம் வெளிவரவே இல்லை. கம்பெனி இருந்த மாடியில் இப்போது ஜிம் இருக்கிறது. கறுப்பு உடை எந்தக் குப்பைக்குப் போனதோ, அமுதா எந்த ஊரில் இருக்கிறாளோ.

"அம்மா, இது மூஞ்சியக்கூட பாக்கும். வந்து நில்லேன்" என்று மகள் கூப்பிட்டாள்.

அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.