அவள் பெயரில் இருந்த வீடு

வசதி குறைந்த பல்கலைக்கழக மாணவர்களுக்கு மாதாமாதம் வழங்கப்படும் அரசாங்க உதவிப்பணத்தை யாருக்கு, எந்த விதிப்படி கொடுப்பது என்று ஒரு சபைதான் தீர்மானிக்கும். அதில் மாணவர் பிரதிநிதிக்கும் ஓர் ஆசனம் உண்டு. கணினிப் பொறியியல் இறுதியாண்டில் அந்த ஆசனத்தில் நான் இருந்தேன். மற்றவர்கள் அதிகாரிகள், பேராசிரியர்கள், ஒரு வங்கியாளர். கூட்டம் கொழும்பில், பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். அந்த மொழியில் எனக்கு விளக்கம் சொல்ல வரும், மன்றாட வராது.

அந்த வருடம் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி புதிதாகச் சேர்ந்திருந்தது. மாணவரின் சொந்தப் பெயரில் வீடோ காணியோ உண்டா? சொத்தைப் பிள்ளைகளின் பெயரில் எழுதிவிட்டு ஏழைகள் என்று விண்ணப்பிப்பவர்களைப் பிடிக்க வந்த கேள்வி. நியாயமானதுதான். ஆனால் எங்கள் கிழக்குக் கரையில் அது வேறு ஆட்களைப் பிடித்தது.

கல்முனைப் பக்கம் எங்கள் முஸ்லிம் குடும்பங்களில் ஆண் பிள்ளைகள் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவார்கள். வீடு பெண்ணுக்குரியது. அவள் சிறு பிள்ளையாக இருக்கும்போதே அத்திவாரம் போடுவார்கள். கை கொஞ்சம் தாராளமாகும்போது சுவர் எழும்பும், பிறகு கூரை. அவள் வளர்ந்ததும் வீட்டுப் பத்திரமான உறுதியை அவள் பெயருக்கு எழுதிவிடுவார்கள். எழுதிய பிறகும் எல்லோரும் அதற்குள்தான் இருப்பார்கள். சட்டப்படி அவள் அதை விற்கலாம். விற்றால் அவளைப் பெற்ற உம்மாவும் வாப்பாவும் தெருவில்.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு அப்படி ஒரு பிள்ளையுடையது. அவளுடைய வாப்பா கரைவலை இழுத்து மீன் பிடிக்கப் போகிறவர். அவள் பொறியியலுக்குத் தெரிவானாள். புதிய கேள்விக்கு உண்மையாக ‘உண்டு’ என்று எழுதினாள். உதவிப்பணம் மறுக்கப்பட்டது.

செய்தி வந்த அன்று நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். கடலிலிருந்து வந்த வாப்பா வாசலிலேயே நின்றுகொண்டார்.

“வீட்டுக்காரம்மா, வாடகைக்கு இரிக்கிற மனிசன் வந்திரிக்கன். உள்ளுக்கு வரலாமா?”

“சும்மா இரிங்க வாப்பா.”

“இல்ல மகள், கவர்மெண்டே சொல்லிட்டு நீங்க பணக்காரி எண்டு. இனி மரியாதையாத்தான் கதைக்கணும்.”

உம்மா சிரிக்கவில்லை. “உறுதிய இவர்ர பேருக்கு மாத்தினாக் குடுப்பாங்களாமா?” என்று என்னிடம் கேட்டார்.

வாப்பாவின் பகிடி அத்தோடு நின்றது. “பொம்புளப் புள்ளைக்குக் குடுத்த வீட்டத் திருப்பி எடுத்தா ஊர் என்னெண்டு கதைக்கும்? நாளைக்கு இவள ஆரு கேட்டு வருவான்?”

உம்மா அதைப் பிறகு கேட்கவில்லை. மகள்தான் என்னோடு வாசல்வரை வந்தாள். அக்கா முறையில் என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

“நீங்க அந்தச் சபையிலதானே இரிக்கீங்க ராத்தா. நம்மட வழக்கத்தச் சொன்னாக் காணும். தெரியாமத்தானே செஞ்சிரிக்காங்க.”

“ஓம். சொல்றன்” என்றேன்.

அவள் மேன்முறையீடு எழுதிப் போட்டாள். பல்கலைக்கழக வளாகம் தொடங்கியதும் உம்மாவின் காப்பை விற்றுக்கொண்டு போனாள்.

கூட்டத்தில் நான் சொல்ல வேண்டியதை ஒழுங்காகவே அடுக்கியிருந்தேன்: வழக்கம் என்ன, அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், அதை ஏன் சொத்தாக எண்ண முடியாது. பெற்றோர் வசிக்கும் ஒரே வீட்டைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று முன்மொழிந்தேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். அடுத்த பிறவியில் உங்கள் ஊரில் பெண்ணாகப் பிறக்க வேண்டும் என்றார் வங்கியாளர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சபைக்குத் தலைமை தாங்கிய தவிசாளர் கேட்டார். “உங்கள் பெயரிலும் இப்படி ஒரு வீடு உண்டா?”

“உண்டு.”

“நீங்களும் உதவிப்பணம் பெறுகிறீர்களா?”

“பெறுகிறேன். நான் விண்ணப்பித்தபோது இந்தக் கேள்வி இருக்கவில்லை.”

“அப்படியானால் இதில் உங்களுக்கும் நலன் இருக்கிறது. முடிவெடுக்கும்வரை வெளியே இருக்க வேண்டும்.”

அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. சபை விதி அது, சரியான விதி. அப்படியொரு வீட்டில் வளர்ந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். எழுந்து வெளியே போனேன். நடைபாதையில் யாரோ தேநீர் கொண்டுவந்து தந்தார்கள். உள்ளே கதைப்பது எதுவும் என் காதில் விழவில்லை.

என்னைக் கூப்பிட்டபோது ஒரு பேராசிரியை என் கையைப் பிடித்து வாழ்த்தினார். முன்மொழிவு ஏற்கப்பட்டிருந்தது, அடுத்த வருட மாணவர்களிலிருந்து. ஏற்கெனவே மறுத்தவற்றில் ஒன்றைத் திறந்தால் எல்லாவற்றையும் திறக்க வேண்டிவரும் என்பதால் அவை அப்படியே நிற்கும், அவளுடையதும்.

அதை அவளுக்குத் தொலைபேசியில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, என்னை வெளியே இருக்கச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.

“அப்ப இனி வாற புள்ளைகளுக்குக் கிடைக்கும்.”

“ஓம்.”

“நீங்க வெளியில போகாம இரிந்திருந்தா ராத்தா?”

“தெரியாது” என்றேன். இன்றைக்கும் தெரியாது.

அந்த விடுமுறைக்குப் பிறகு அவள் வளாகத்துக்குத் திரும்பவில்லை. இப்போது பிரதான வீதியில் ஒரு போட்டோகொப்பி கடையில் வேலை செய்கிறாள். வளாகம் போகும் பிள்ளைகள் விண்ணப்பம் நிரப்ப அவளிடம்தான் வருகிறார்களாம். வீடு பற்றிய கேள்வியில் பெண் பிள்ளைகள் பேனையை நிறுத்தினால், “பயப்படாம உண்டு எண்டு போடுங்க, இப்ப அதுக்கு வெட்டமாட்டாங்க” என்று சொல்லிக்கொடுக்கிறாளாம். அவளுடைய உம்மா இதை என்னிடம் பெருமையாகத்தான் சொன்னார்.