கடிதத்தின் தலையில் ஒரு மயில்

வயிற்றுப்போக்குக்காக எழுதிய விடுப்பு விண்ணப்பத்தின் அடியில் ஒரு சிவப்பு ரோஜாவை வைத்து மேலதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பியவன் நான். முதலிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வருவதைப் படித்துவிட்டு, பாவம், இந்த ஆளுக்கு அன்றைக்கு மட்டும் ஏதோ புத்தி பிசகியிருக்கிறது என்று யாரும் இரக்கப்பட்டுவிடக் கூடாது. ரோஜாவின் இதழில் இரண்டு பனித்துளிகள் வேறு இருந்தன. விடுப்பு கிடைத்தது. "பூ தேவையில்லை" என்று ஒரு வரி பதிலும் கிடைத்தது.

திருத்தணியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. வயது ஐம்பத்து மூன்று. புத்தகங்கள் நிறையப் படிப்பேன். படித்தது எதுவும் விரல் நுனி வரைக்கும் இறங்கியதில்லை. கம்ப்யூட்டரில் கடிதம் அடித்து அனுப்புவதோடு நின்றிருந்தால் ஓய்வு பெறும்வரை மரியாதையாக இருந்திருப்பேன். மின்னஞ்சல் எழுதும் பெட்டிக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதற்குள் ஒரு மலையும் ஒரு சூரியனும். அலுவலக ஜன்னலைத் திறந்தால் தெரிகிற காட்சியும் அதேதான் என்பதால், ஏதோ நம்ம ஊர்ச் சமாச்சாரம் என்ற உரிமையில் ஒருநாள் அதை அழுத்தினேன்.

அழுத்திய பிறகுதான் தெரிந்தது, கடிதத்துக்குள் படம் வைக்கலாம் என்பது. நம்மிடம் படம் இல்லாவிட்டாலும் கவலையில்லை. கிளிப் ஆர்ட் என்று யாரோ உலகத்துக்கே வரைந்து வைத்திருக்கிறார்கள். கேக், கடிகாரம், இரண்டு காதிலும் இரண்டு டெலிபோனை வைத்துக்கொண்டு வியர்வை சிந்துகிற குமாஸ்தா, குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள். அந்தக் கைகளை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் கோட்டு. மணிக்கட்டோடு முடிந்துவிடுகின்றன. அதற்கு மேலே இருந்த ஆட்கள் யார்? எதற்காகக் கை குலுக்கினார்கள்? குத்துவிளக்கு என்று தேடியதில் ஒன்று கிடைத்தது. ஐந்து முகம், ஐந்திலும் சுடர், எண்ணெய் ஊற்ற மட்டும் இடம் இல்லை. இதை வரைந்தவர் வாழ்நாளில் விளக்கேற்றியதில்லை என்று தோன்றியது. எந்த ஊரில் உட்கார்ந்து வரைந்தாரோ, படத்தின் அடியில் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த ஆராய்ச்சியை வீட்டிலும் விளக்கினேன். கடிதத்தோடு படத்தைப் பின் குத்தி அனுப்புவது ஒரு வகை, கடிதத்தின் மேலேயே பசை போட்டு ஒட்டி அனுப்புவது இன்னொரு வகை, மின்னஞ்சலில் இரண்டுக்கும் வழி உண்டு என்றேன்.

என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே, "அதுல எந்த வகைல கேஸ் புக் பண்லாம்னு பாருங்க. சிலிண்டர் முடிஞ்சி ரெண்டு நாளாச்சு" என்றாள்.

இப்படி நான் எனக்கு நானே படம் அனுப்பி, நானே திறந்து, நானே வியந்துகொண்டிருந்த காலத்தில்தான் பள்ளிப்பட்டிலிருந்து என் மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி. நாலு விசைத்தறி வைத்துச் சேலை நெய்கிறான். ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு துணிமூட்டை, முகத்தில் ஒரு வாரத் தாடி.

"பாவா, நாலு தறில ரெண்டு நின்னுகினு கீது" என்று ஆரம்பித்தான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "ஐதராபாத்ல ஒரு பெரிய கடை. அங்க சரக்கு எடுக்கறது ஒரு மேடம். போன்ல பேசுனேன், நல்லாதான் பேசுறாங்க. வாட்ஸ்அப்ல போட்டா பார்டர் கலர் சரியா தெர்லயாம். மெயில்ல பெருசா அனுப்புங்கன்னுட்டாங்க. இது படிஞ்சா தீபாவளி வரைக்கும் தறி ஓடும்."

"படியலன்னா?" என்றாள் அவன் அக்கா.

"தறி ஓட்ற ஆளு வேற ஷெட்டுக்குப் போறேன்னு சொல்லிக்கினு கீறான். அவன் போனான்னா மீதி ரெண்டும் நிக்கும்."

விஷயம் இவ்வளவுதான்: மூன்று சேலை, மூன்று படம், ஒரு மின்னஞ்சல். அவனுடைய போனிலிருந்தே இரண்டு நிமிடத்தில் அனுப்பியிருக்கலாம். ஆனால் இங்கிலீஷில் நாலு வரி எழுத வேண்டும், படித்தவர் பாவா என்று அவன் நம்பிக்கொண்டு பத்தொன்பது வருடமாகிறது. நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கும்படி நேரடியாக எதுவும் செய்ததில்லை.

மொட்டை மாடியில் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடிக்க, நான் படம் எடுத்தேன். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் ஒன்று, கிளிப்பச்சையில் நீல பார்டர் ஒன்று, வெங்காயத் தோல் நிறத்தில் ஒன்று.

"கை கடுத்துப்போச்சு, சீக்கிரம் எடுங்க. சேலை வாங்கறதுக்குக்கூட நான் இவ்ளோ நேரம் நின்னதில்ல" என்றாள்.

படங்கள் நன்றாகவே வந்தன. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். மூன்றையும் கடிதத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஏதோ மொட்டையாகத் தெரிந்தது. எதிலும் நல்லதாக ஒரு தொடக்கம் வேண்டாமா?

"மேல எதுனா வைக்கலாமா?" என்றேன்.

"மயில் வைங்க பாவா" என்றான் அவன், உடனே. "நம்மூர்ல ஆட்டோ பின்னாடிகூட மயில் இல்லாம கெடயாது. மொத மொத அனுப்பறோம்."

அவன் சொன்னதில் தவறே இல்லை. மளிகைக் கடைச் சீட்டிலிருந்து டியூஷன் சென்டர் நோட்டீஸ் வரை எங்கள் ஊரில் அச்சாகும் எந்தக் காகிதத்துக்கும் தலையில் ஒரு மயில் உண்டு. சைக்கிள் ரிப்பேர் கடை பில்லில்கூடத் தோகை விரித்து நிற்கும். கிளிப் ஆர்ட்டில் தேடினேன். தோகையை முழுசாக விரித்த, நீலமும் பச்சையும் தகதகக்கிற ஒரு மயில் கிடைத்தது. அதைத் தலையில் வைத்தேன். மயில் மட்டும் தனியாக நிற்கிறதே என்று இரண்டு பக்கமும் எண்ணெய் ஊற்ற இடமில்லாத அந்தக் குத்துவிளக்கை வைத்தேன். வணக்கம் சொல்ல வேண்டாமா? கூப்பிய கைகள். வியாபாரம் ஆயிற்றே, ஆகவே கோட்டு போட்ட குலுக்கும் கைகள். நடுவில் சேலைகள். அடியில் ஒரு பூச்சரம்.

"கல்யாணப் பத்திரிகை மாதிரி கீது பாவா!" என்று மைத்துனன் பூரித்தான்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "பொண்ணு மாப்ள பேரு மட்டும் காணோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. நாலு வரி இங்கிலீஷ். தமிழில் சொன்னால் இப்படி வரும்: மயில் டிசைன் மிகவும் அழகாக இருக்கிறது. முந்தானையில் இதே மயில் வருமென்றால் உடனே நாற்பது சேலைக்கு ஆர்டர் தருகிறோம். தோகையின் நீலம் மாறக் கூடாது. மற்ற படங்களும் கிடைத்தன, நன்றி.

மற்ற படங்கள் என்பது சேலைகள்.

மைத்துனனுக்குப் போன் செய்தேன். பின்னால் தறிச் சத்தம் தடதடத்தது. ஆர்டர் என்ற சொல்லைக் கேட்டதும், "ஆங்! வந்துச்சா? எந்தச் சேலை?" என்று கத்தினான்.

"மயில் சேலை."

"எந்த மயிலு?"

"நாம தலையில வச்ச மயிலு."

போனோடு தறிச் சத்தத்தை விட்டு வெளியே வந்தான். பிறகு அவன் நிதானமாக, ஒரு நோயாளியின் உறவினரிடம் பேசுவதுபோல விளக்கினான். சேலையில் பூ விழுவதற்குத் தறிமேல் ஒரு பெட்டி உண்டு. அதில் எத்தனை கொக்கி இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் உருவம் எடுக்கும். "எங்கிட்ட கீறது நூத்தியிருவது கொக்கி பாவா. கட்டம் கட்டமா பூ வரும். கோபுரம் வரும். தோகை விரிச்ச மயில் வராது. தம் கட்டி எடுத்தா கோழி மாதிரி வரும்."

"கோழின்னே எழுதிக் கேட்டுப் பாக்கலாமா?" என்றேன். போனை வைத்துவிட்டான்.

அவன் வைத்த பிறகுதான் எனக்குள் அந்தக் கேள்வி குடைய ஆரம்பித்தது. நடுவில் மூன்று சேலை பளிச்சென்று கிடக்க, அந்த அம்மாள் எப்படி மயிலைப் பிடித்துக்கொண்டார்? அதே மின்னஞ்சலை எனக்கே அனுப்பி, இந்த முறை போனில் திறந்து பார்த்தேன். கம்ப்யூட்டரில் நான் அங்கங்கே கோலம் போட்டதுபோல் வைத்திருந்தவை எல்லாம், போனில் தர்ம தரிசன வரிசைபோல ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. முதலில் மயில், திரை முழுக்க. அப்புறம் ஒரு விளக்கு. அப்புறம் இன்னொரு விளக்கு. கூப்பிய கை. குலுக்கும் கை. கட்டைவிரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனால், ஆறாவதாக, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் மனைவி பிடித்திருக்கும் மாம்பழ மஞ்சள் வந்தது.

ஒரு நாளைக்கு எத்தனையோ நெசவாளர்களின் படங்களைத் திறந்து பார்க்கிற ஒருவர், முதலில் வருவதைத்தானே சரக்கு என்று நினைப்பார்? எங்களுக்குத்தான் அது சரக்காகத் தெரியாது. இந்த ஊரில் காகிதத்தின் தலையில் நிற்கும் மயிலை யாரும் பார்ப்பதே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கண் தானாகவே அதைத் தாண்டி, அதற்குக் கீழேயிருந்து படிக்க ஆரம்பித்துவிடும். அலுவலகத்தில் இருந்த பத்துப் பதினைந்து பில்களை எடுத்துப் பார்த்தேன். எட்டில் மயில். அந்த எட்டையும் வவுச்சரோடு கோத்து வைத்தவன் நான்தான். ஒன்றைக்கூட அதற்கு முன்னால் பார்த்த ஞாபகமில்லை. ஒரு மயிலுக்குக் கழுத்து இடப் பக்கம், இன்னொன்றுக்கு வலப் பக்கம். ஒன்றுக்குக் கால் மூன்று விரலோடு கச்சிதமாக வரைந்திருந்தது. நண்பர் ஒருவர் வந்து என்ன சார் தேடுகிறீர்கள் என்று கேட்டார். மயில் என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

வேடிக்கை பார்த்தது போதும், தறி நின்றுவிடும் என்று நினைவு வந்தது. உண்மையை எழுதிவிடுவதென்று போனோடு உட்கார்ந்தேன். மயில் எங்கள் வணக்கம், அது விற்பனைக்கு அல்ல, சேலைகள் கீழே உள்ளன. இதை இங்கிலீஷில் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும். முதல் நகலில் முருகன் வந்தார். மயில் அவருடைய வாகனம் என்று விளக்கியதில் இரண்டாம் நகல் ஒன்றரைப் பக்கம் ஆயிற்று. மூன்றாவதில், இந்தப் பறவையை வரைந்தவர் யாரென்று எங்களுக்கும் தெரியாது என்ற ஒரு வாக்கியம் எப்படியோ நுழைந்துவிட்டது. அதை அடிக்க மனசு வரவில்லை. நாலாவதைச் சுருக்கி, அனுப்பு என்று அழுத்தினேன்.

அன்று ஆடிப் பரணி. மறுநாள் கிருத்திகை. ஊருக்குள் காவடி வர வர ஒவ்வொரு காவடியோடும் நாலைந்து போனும் வந்து சேரும். கூட்டம் ஏற ஏற எங்களுக்குச் சிக்னல் இறங்கிக்கொண்டே போகும். மின்னஞ்சல் "அனுப்பப்படுகிறது" என்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், சுற்றியது. தூங்கி எழுந்து பார்த்தேன், சுற்றியது.

கிருத்திகையன்று காலையில் மைத்துனன் குடும்பத்தோடு மலையேற வந்தான். ஸ்கூட்டரை எங்கள் வாசலில் விடுவது வழக்கம். தாடி எடுத்திருந்தான்.

"அந்தம்மாவுக்கு எதுனா எழுதுனீங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தான்.

"எழுதிட்டேன். போய்க்கினே இருக்கு."

"ஐயையோ! நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று போனைப் பிடுங்கிக்கொண்டான். சுற்றிக்கொண்டிருந்ததை ஒரே அழுத்தில் அழித்தான். நாலு நகல் எழுதிய மனிதனுக்கு அதைப் பார்ப்பது சுலபமில்லை.

"நேத்தே பேசி முடிச்சிட்டேன் பாவா. போன் போட்டு தெலுங்குல பேசுனேன். மூணு சேலை போட்டோவ என் போன்லர்ந்தே மெயில்ல அனுப்புனேன், ஒரு எழுத்து எழுதல. ரெண்டாவது சேலைக்கு ஆர்டர் குட்த்துட்டாங்க. நாலு தறியும் ஓடுது."

"கிளிப்பச்சையா?" என்றேன். அது அந்த மின்னஞ்சலில் ஏழாவது படம்.

"ஆங், கிளிப்பச்ச."

காப்பி டம்ளரோடு வந்த என் மனைவி, "அப்போ அந்த மயிலு?" என்றாள்.

மைத்துனன் என்னைப் பார்க்காமல் டம்ளரை வாங்கிக்கொண்டான். "அது... வேற வழி இல்லக்கா. வீட்ல சின்னப் பையன் கீறான், கம்ப்யூட்டர்ல விளையாடிகினே படம்லாம் ஒட்டிட்டான், நான் பாக்காம அனுப்பிட்டேன்னு சொல்லிட்டேன்."

"கோச்சிக்கலயா அவங்க?"

"சேச்சே. ஒரே சிரிப்பு. 'பையன அடிச்சி கிடிச்சி வச்சிடாதீங்க, வளர வளர சரியாப் பூடும்'னாங்க."