ஒரு வரி பிந்திப் பாடியவர்கள்

பதுளையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், எப்போதும் சிங்களத்தில் பாடும் தேசிய கீதத்தை இந்தச் சுதந்திர தினத்துக்குத் தமிழிலும் பாடலாம் என்றார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தினமும் பாடியதுதானே என்று, முன்னால் நின்று பாட நானே முந்திக்கொண்டேன்.

ஒத்திகையில் பக்கத்து மேசைத் தோழி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பதுளைக் கடைவீதியில் பிறந்து வளர்ந்தவள்.

"ஒரு வரிய விட்டுட்டீங்களே."

"அது கடைசியில வரும்."

"இல்லவே இல்லைங்க."

மறுநாள் மகளின் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் சொன்னதே சரி. இத்தனை வருஷமாக நான் நடுவில் வரவேண்டிய வரியைக் கடைசியில் பாடியிருக்கிறேன்!

சனிக்கிழமை லுணுகலை பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். என் அக்கா அங்கே புள்ளக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். வேலை முடிந்து வந்தவளைப் பாடச் சொன்னேன். அவளும் அந்த வரியைக் கடைசியில்தான் பாடினாள்.

இருவரும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். மேலதிக வகுப்புக்கு வந்திருந்த டீச்சர் விஷயத்தைக் கேட்டு அலுமாரியைத் திறந்து, பழைய பதிவேடுகளுக்கு அடியிலிருந்து கீதம் எழுதிய ஒரு காகித அட்டையை உருவினார். எங்கள் காலத்தில் சுவரில் தொங்கியது. அதைப் பார்த்துத்தான் பாடிப் பழகினோம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏய், இது என் எழுத்துடி!"

எட்டாம் வகுப்பில், எழுத்து அழகாக இருக்கிறதென்று சார் அவளைப் பிரதியெடுக்கச் சொன்னாராம். ஒரு வரி விட்டுப்போயிற்று. பயந்துபோய் அதை அடியில் எழுதி, சேரவேண்டிய இடத்தைக் காட்டப் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறாள். கைகள் பட்டுப்பட்டு அம்புக்குறி அழிந்துவிட்டது. ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தபோது தடம் மட்டும் தெரிந்தது.

"அப்ப நீ ஏன் தப்பாப் பாடுற?"

"எல்லாரும் அப்படிப் பாடுனா நான் என்ன பண்றது? நானும் சேந்துகிட்டேன்."

டீச்சர் சிரித்துச் சிரித்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்குக் கண்ணாடிச் சட்டம் போடப் போறேன் அக்கா. கீழ உங்க பேர எழுதுங்க."

"தப்பா எழுதுனதுக்கா டீச்சர்?"

"இந்த ஸ்கூல்ல மிஞ்சியிருக்கிற பழைய கையெழுத்து இது ஒன்னுதான்."

அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

சுதந்திர தினத்தன்று எல்லா வரிகளையும் அதனதன் இடத்தில் பாடினேன். தோழி தன் போனில் அக்காவை அழைத்து, நான் பாடியதைக் கேட்க வைத்திருந்தாள். முடிந்ததும் வாங்கிக் காதில் வைத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அக்கா. "ஆனா நம்ம பாட்டு மாதிரி இல்லடி!"